வீட்டுப் பட்டறை: 60ன்னு காட்டின மீட்டர்

போன மாசம் மெல்பர்ன்ல எங்க வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. 60 கிலோமீட்டர் எல்லை உள்ள சாலையில் 68ல் போனதாக ஸ்பீட் கேமரா பிடித்திருக்கிறது. பெயர் என் மகனுடையது. வயது இருபது, இன்னும் பி-பிளேட்தான். விக்டோரியாவில் 12 மாசத்துக்குள் 5 டீமெரிட் பாயிண்ட் சேர்ந்தால் பி-பிளேட் லைசென்ஸுக்கே ஆபத்து.

"அப்பா, நான் 60லதான் போனேன். மீட்டரைப் பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன்."

"அப்போ கேமரா பொய் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மனைவிதான் ஆரம்பித்தாள். "அவன் அவ்வளவு தூரம் சொல்றான்ல, வண்டியை ஒருதரம் பாத்துடுங்களேன். அந்த மீட்டரை மாட்டினதே நீங்கதானே?"

சுருக்கென்றது. வாஸ்தவம்தான். அவனுடைய பழைய பைக்கில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தபோது, ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி நான்தான் மாட்டினேன். சக்கரம் சுத்தினதும் எண் ஓடியது. வேலை முடிஞ்சுதுன்னு எழுந்துவிட்டேன்.

இந்த மீட்டருக்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது. முன்சக்கர டிஸ்க்கின் போல்ட்டில் ஒரு சின்னக் காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்ஸார். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு. ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு, சக்கரத்தின் சுற்றளவு எத்தனை மில்லிமீட்டர் என்று நாம் சொன்னால்தான் அது கணக்குப் போடும்.

ஞாயிறு காலை, போக்குவரத்து இல்லாத நேரம். காரில் ஜிபிஎஸ் வைத்து நான் முன்னால் சீராக 50ல் போனேன். அவன் அதே இடைவெளியில் பின்னால் வந்தான். நிறுத்தியதும், "44தான் காட்டுச்சுப்பா" என்றான். அப்புறம் 80ல் போனோம். அதுக்கு 71.

எப்போதும் ஒரே விகிதத்தில் குறைந்தால் சந்தேகம் சுற்றளவு மேல்தான் போகவேண்டும். மற்ற கோளாறுகளுக்கு அடையாளமே வேறு:

- எண்ணே வரவில்லை, 0: காந்தம் விழுந்திருக்கலாம், தலைகீழாக ஒட்டியிருக்கலாம், சென்ஸாருக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கலாம். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.
- எண் கன்னாபின்னாவென்று குதிக்கிறது: சென்ஸார் வயர் ஸ்பார்க் பிளக் வயரை ஒட்டிப் போகிறதா? தள்ளிக் கட்டுங்கள். எர்த் இணைப்பு லூஸா என்று ஆட்டிப் பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக் போட்டாலும் குணமாகலாம்.
- சரிபாதி அல்லது இரட்டிப்பு: காந்தங்களின் எண்ணிக்கையைத் தப்பாகக் கொடுத்திருப்பீர்கள்.
- சாவியை எடுத்ததும் கடிகாரம் அழிகிறது: பேட்டரிக்கு நேராகப் போகவேண்டிய வயரை சாவி வழியாக வரும் மின்சாரத்தில் கொடுத்திருக்கலாம்.

எங்கள் மீட்டரின் மெனுவைத் திறந்தோம். சுற்றளவு 1,750. பெட்டியிலிருந்து வந்தபடியே கிடந்தது. டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அவனை வண்டிமேல் உட்காரவைத்து, ஒரு முழுச் சுற்று நேராகத் தள்ளி, டேப் பிடித்தோம். 1,975. ஆள் உட்காருவது முக்கியம். எடை ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கும், அளவு குறையும். காற்றும் சரியாக இருக்கவேண்டும்.

60ஐ 1,975ஆல் பெருக்கி 1,750ஆல் வகுத்துப் பாருங்கள். 68 வரும். அந்தக் கடிதத்தில் இருந்த அதே 68.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. போனில் வந்த விடையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "தப்பு என்னுதுதாண்டா" என்றேன்.

வண்டியோடு வரும் மீட்டர்கள் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக்கூடாது என்று புது வண்டிகளுக்கு விதியே இருக்கிறது. நாமே மாட்டும் மீட்டருக்கு நாம்தான் பொறுப்பு. ஓடிய தூரமும் இதே கணக்கில்தான் ஏறும் என்பதை மறக்காதீர்கள். அவன் மீட்டர் 5,000 காட்டியபோது வண்டி ஓடியிருந்தது ஏறக்குறைய 5,640. ஆயில் மாற்றும் நாளும் தள்ளிப்போயிருந்தது.

1,975 என்று போட்டுவிட்டு மறுபடி ஒரு சுற்று போனோம். ஜிபிஎஸ்ஸில் 50, மீட்டரில் 50.

அபராதப் பணத்தை நான் கட்டினேன். பாயிண்டை நான் வாங்கிக்கொள்ள முடியாது. அந்த ஒன்று அவன் பெயரில்தான் இருக்கிறது. டயர் மாற்றினாலும் அளவு மாறும் என்பதால், 1,975 என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டு, சீட் அடியில் ஒட்டிவைத்திருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி மாட்டின மீட்டர் இருந்தால் இந்த வாரமே டேப் எடுங்கள். அடுத்த பட்டறையில் சந்திப்போம்.