தூரத்திலிருந்து வைரத்தோடு வாங்கும்போது



கல்யாண மாதங்கள் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "தம்பி கனடாவிலிருந்து வைரத்தோடு வாங்கி அனுப்பப் போகிறான். கல்லின் படம் அனுப்பியிருக்கிறான். நல்ல கல்லா என்று எப்படி அக்கா அறிவது?"

முன்பெல்லாம் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ கொழும்பு செட்டியார் தெருவிலோ கடையில் அமர்ந்து, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவோம். கூடவே வீட்டுக்குத் தெரிந்த பத்தர் ஒருவரும் வருவார். இன்று கல் ஓரிடத்தில், காசு ஓரிடத்தில், காது வேறோரிடத்தில். ஆகவே கண்ணுக்குப் பதிலாகக் கணக்கைக் கொண்டு பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வைரம் சேமிப்பு அல்ல. அவசரத்துக்கு வங்கியில் அடகு வைக்கப் போனால் தங்கத்தின் நிறையைத்தான் பார்ப்பார்கள். கல்லின் நிறையைக் கழித்துவிடுவார்கள். திருப்பி விற்கப் போனாலும் கொடுத்த விலை கிடைப்பது அரிது. வைரம் வாங்குவது அழகுக்காக, ஆசைக்காக. அப்படியென்றால் அந்த அழகாவது முழுமையாகக் கிடைக்க வேண்டாமா?

வைரத்துக்கு நான்கு குணங்கள் சொல்வார்கள்: நிறை, நிறம், தெளிவு, வெட்டு. நிறையைக் கரட்டில் அளப்பார்கள். ஒரு கரட் என்பது 0.2 கிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். கடைக்காரர் பெரும்பாலும் நிறையையும் நிறத்தையும் பற்றியே கதைப்பார். ஆனால் கல் காதில் மின்னுவதும் மங்குவதும் அதன் வெட்டில்தான் இருக்கிறது.

இது ஏன் என்று பார்ப்போம். வைரத்துக்குள் புகும் ஒளி கீழ்ப்பட்டைகளில் பட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தெறித்து, மீண்டும் மேலே வந்து நம் கண்ணை அடைய வேண்டும். கீழ்ப்பகுதியின் சரிவு சரியாக இருந்தால்தான் இது நடக்கும். சரிவு கூடினாலும் குறைந்தாலும் ஒளி அடியால் ஒழுகிப் போய்விடும். 1919ஆம் ஆண்டிலேயே மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இதைக் கணித்து, மேற்சரிவு 34.5 பாகை, கீழ்ச்சரிவு 40.75 பாகை என்று எழுதினார். இன்றும் நல்ல வட்டக்கற்கள் இந்த அளவுகளை ஒட்டியே இருக்கின்றன.

அப்படியானால் ஏன் எல்லோரும் சரியாக வெட்டுவதில்லை? காரணம் நிறைதான். பட்டை தீட்டும்போது மூலக்கல்லில் பாதிக்கும் மேல் போய்விடும். அரைக் கரட், ஒரு கரட் என்ற எல்லைகளில் விலை சட்டென்று ஏறும். அந்த எல்லையைத் தொடுவதற்காகக் கல்லை ஆழமாக விட்டுவிடுகிறார்கள். நிறை அடியில் ஒளிந்திருக்கும். காசு நாம் கொடுப்போம். மேலே இருந்து பார்த்தால் கல் சிறியதாகத் தெரியும்.

சென்ற ஆண்டு வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். கணவர் இல்லை. தையல் வேலை செய்து, ஆறு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசை மகளின் தோட்டுக்கென்று வைத்திருந்தார். ரொரன்ரோவில் இருக்கும் தம்பி இரண்டு சோடிக் கற்களின் சான்றிதழ்களை அனுப்பியிருந்தார். எல்லாமே 50 சென்ட் கற்கள். நிறமும் தெளிவும் ஒன்றே. இரண்டாவது சோடி விலை குறைவு. "எதை எடுக்க?" என்று கேட்டிருந்தார்.

நான் சான்றிதழில் அளவுகள் எழுதியிருக்கும் வரியைப் பார்த்தேன். முதற் சோடியில் ஒரு கல்லுக்கு 5.10 - 5.13 x 3.14 மில்லிமீற்றர் என்றிருந்தது. முதல் இரண்டும் கல்லின் குறுக்களவு, மூன்றாவது ஆழம். குறுக்களவின் சராசரி 5.115. ஆழத்தை அதனால் பிரித்து நூறால் பெருக்கினால் 61.4 வீதம். நல்ல வெட்டு.

இரண்டாவது சோடியில் 4.88 - 4.93 x 3.29 என்றிருந்தது. அதே கணக்கைப் போட்டால் 67 வீதம். நிறை ஒன்றே என்றாலும் இந்தக் கல்லின் முகப்பரப்பு ஏறத்தாழ 8 வீதம் சிறியது. ஒளியும் அடியால் ஒழுகும். அந்தச் சகோதரிக்கு நான் எழுதியது இதுதான்: "மலிவாகத் தெரிவது உண்மையில் மலிவல்ல. காசு போதாவிட்டால் நன்கு வெட்டிய 45 சென்ட் கல்லைக் கேளுங்கள். அதன் முகமும் இந்த ஆழமான கல்லின் முகமளவுக்கு இருக்கும், மின்னலோ கூடுதலாக இருக்கும்." தம்பியும் அப்படியே தேடி அனுப்பினார். மிஞ்சிய காசில் தாலிக்கொடிக்கு ஒரு பங்கும் சேர்ந்ததாம்.

வட்டக்கல்லுக்கு நான் குறித்து வைத்திருக்கும் அளவுகள் இவை. வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழம்: 60 முதல் 62.5 வீதம்.
மேற்தட்டையின் அகலம்: 54 முதல் 58 வீதம்.
மேற்சரிவு: 34 முதல் 35 பாகை.
கீழ்ச்சரிவு: 40.6 முதல் 41 பாகை.
இடைவிளிம்பு: மிக மெல்லியதாகவும் வேண்டாம், உடையும், மிகத் தடிப்பாகவும் வேண்டாம், வீண் நிறை.

நீள்வட்டம், சதுரம் போன்ற வடிவங்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா. தூரத்திலிருந்து முதன்முறை வாங்குபவர் வட்டக்கல்லையே தெரிவு செய்வது நல்லது.

அடுத்தது சான்றிதழ். ஜீ.ஐ.ஏ. எனப்படும் அமெரிக்க இரத்தினக்கல் நிறுவகம் 1931இல் தொடங்கியது. வட்டக்கல்லின் வெட்டுக்கு 2006 முதல் ஐந்து தரங்கள் கொடுத்து வருகிறது: எக்ஸலன்ற், வெரி குட், குட், ஃபெயார், புவர். வெட்டு, மெருகு, சமச்சீர் மூன்றுக்கும் எக்ஸலன்ற் இருந்தால் மிக நன்று. சான்றிதழ் எண்ணை அவர்களின் இணையத்தளத்தில் இட்டுச் சரிபாருங்கள். கடையே அச்சிட்டுத் தரும் அட்டையைச் சான்றிதழ் என்று நம்ப வேண்டாம்.

ஆய்வுகூடத்தில் வளர்த்த கல்லா, நிலத்திலிருந்து எடுத்ததா என்றும் எழுத்தில் கேளுங்கள். வளர்த்த கல்லும் வைரந்தான். வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் விலை மிகக் குறைவு. மலிவுக் கல்லை அதன் விலைக்கு வாங்குவதில் தவறில்லை, நிலக்கல்லின் விலைக்கு வாங்கக் கூடாது. ஜீ.ஐ.ஏ. 2025 ஒக்டோபர் முதல் வளர்த்த கற்களுக்கு நிறம், தெளிவு என்று பழைய தரங்கள் கொடுப்பதில்லை. பிறீமியம், ஸ்ரான்டர்ட் என்ற இரண்டு மட்டுமே.

சான்றிதழ் சரி என்றால் காணொளி கேளுங்கள். நகைக்கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். யன்னலருகே, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுத்து, மெதுவாகச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பளிச்சிட வேண்டும். நடுவில் கருவட்டம் ஒன்று அசையாமல் நின்றால் கீழ்ப்பகுதி ஆழம். மேற்தட்டைக்குள் சாம்பல் நிற வளையம், மீன்கண் போலத் தெரிந்தால் ஆழம் போதாது. தோட்டுக்கென்றால் இரண்டு கல்லையும் அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

காசு அனுப்புமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை நாளுக்குள் திருப்பலாம், காசு முழுதும் வருமா, தபால் செலவும் காப்புறுதியும் யாருடையது. உறவினர் கையில் கொடுத்துவிடுவதாக இருந்தால் பற்றுச்சீட்டும் கூட வரட்டும். சுங்கத்தில் அறிவிக்க வேண்டியதை முன்பே விசாரித்து வைத்திருக்கட்டும்.

முடிந்தால் கட்டாத கல்லாகவே எடுப்பியுங்கள். கட்டிய கல்லைச் சரியாக நிறுக்கவும் முடியாது, அடியைப் பார்க்கவும் முடியாது. கல் கைக்கு வந்ததும், திருப்பும் நாள் கடக்குமுன், பத்தரிடம் கொண்டுபோய் நிறையையும் குறுக்களவையும் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இடைவிளிம்பில் லேசரால் பொறித்த எண்ணைப் பத்து மடங்கு வில்லையால் பார்க்கலாம். எண் மட்டும் போதாது. உண்மைச் சான்றிதழின் எண்ணை வேறு கல்லில் பொறித்து ஏமாற்றியிருப்பதை அந்த நிறுவகமே அறிவித்திருக்கிறது. ஆகவே எண்ணும் அளவும் நிறையும் மூன்றும் பொருந்த வேண்டும். சந்தேகம் இருந்தால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தை நாடலாம்.

இன்னுமொன்று. அண்ணன், தம்பி அன்போடு வாங்கித் தருவதை அளந்து பார்ப்பதா என்று கூச்சப்படாதீர்கள். அவர்களும் குளிரில் இரவு வேலை செய்து உழைத்த காசு அது. அளவுகளைக் கேட்டு வாங்கினால் அவர்களும் ஏமாற மாட்டார்கள்.

சான்றிதழின் பிரதி கிடைத்து, கணக்குப் போடக் கடினமாக இருந்தால் வழமைபோல இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.