கெடுத்துட்டான்யா! - பில்லாவும் பாட்டு போலீஸும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் காரமான பதிவு. திட்டணும்னா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க. பாதியிலயே கிளம்பி வந்து "உனக்கு இசையைப் பத்தி என்னய்யா தெரியும்"னு கேக்காதீங்க. கேள்வி ஞானம்தான். காது ரெண்டும் நல்லா கேக்குது, அது போதும்.

பழைய படத்தை மறுபடி எடுத்து, அதோட பாட்டையும் புதுசா இசையமைச்சு விட்டா நம்ம ஆளுங்ககிட்டேருந்து வர்ற முதல் சத்தம் ஒண்ணே ஒண்ணுதான். "கெடுத்துட்டான்யா!" பல்லவி முடியறதுக்குள்ள தீர்ப்பு எழுதி கையெழுத்தும் போட்டாச்சு. சில பேர் பாட்டைக் கேக்கவே மாட்டாங்க, ரீமிக்ஸ்ங்கிற வார்த்தையைக் கேட்டாலே போதும். இந்தக் கோஷ்டிக்கு நான் வெச்சிருக்கிற பேரு பாட்டு போலீஸ்.

எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி இருக்கு. "காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும் பாஸ், பீட் போட்டாதான் யூத்துக்குப் பிடிக்கும்"னு சொல்றவங்க. பழைய பாட்டை ஒரு தடவைகூட முழுசா கேட்டிருக்க மாட்டாங்க. இவங்க பீட் பார்ட்டி.

ரெண்டு கோஷ்டி மேலயும் என் குற்றச்சாட்டு ஒண்ணுதான். ரெண்டு பேருமே பாட்டைக் கேக்கறதில்லை. போலீஸ் தன்னோட பதினெட்டு வயசைக் கேக்குது. பார்ட்டி ஸ்பீக்கரைக் கேக்குது. பாட்டு பாவம், நடுவுல தனியா நிக்குது.

இதுக்கு பில்லாவை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

1978ல இந்தியில 'டான்', இசை கல்யாண்ஜி ஆனந்த்ஜி. 1980ல அதைத் தமிழ்ல ரஜினியை வெச்சு 'பில்லா'ன்னு எடுத்தாங்க. இயக்கம் ஆர்.கிருஷ்ணமூர்த்தி, இசை எம்.எஸ்.விஸ்வநாதன். 2006ல ஃபர்ஹான் அக்தர் ஷாருக்கானை வெச்சு 'டான்' படத்தை மறுபடி எடுத்தார். சங்கர்-எசான்-லாய் அந்தப் பழைய பாட்டுல ரெண்டை எடுத்துப் புதுசாக்கினாங்க. 2007 டிசம்பர்ல விஷ்ணுவர்தன் இயக்கத்துல அஜித்தோட 'பில்லா'. யுவன் சங்கர் ராஜா "மை நேம் இஸ் பில்லா", "வெத்தலையைப் போட்டேண்டி" ரெண்டையும் எடுத்துத் தன் வழியில போட்டார்.

இப்ப சொல்லுங்க, இதுல ஒரிஜினல் எது? நம்ம போலீஸ் காவல் காக்கிற 1980 பில்லாவே ரீமேக்தான். எம்.எஸ்.வி. முன்னால ஹிட்டான இந்திப் பாட்டுங்க ரெடியா இருந்துச்சு. அப்படியே தூக்கிப் போட்டிருந்தாலும் படம் ஓடியிருக்கும். அவர் அதைச் செய்யலை. அங்க கிஷோர் குமார் குரல்ல பனாரஸ் பான் மென்னுகிட்டு ஆடினவன், இங்க வந்ததும் வெத்தலை போட்டான். மெட்டு வேற, தாளம் வேற, பாடினது மலேசியா வாசுதேவன். பனாரஸ் பானை நம்ம ஊரு வெத்தலையா மாத்தினாரே, அந்த வேலைக்கு என்ன பேரு? "கெடுத்துட்டான்"னா அன்னிக்கே கெட்டுப் போயிருக்கணும் இல்ல?

நிற்க. யுவன் செஞ்சது எல்லாம் சரின்னு நான் சொல்ல வரலை.

"மை நேம் இஸ் பில்லா" ஜெயிச்சுது. ரஜினியோட பில்லா தன்னைத்தானே ரசிக்கிறவன். எஸ்.பி.பி. குரல்லயே ஒரு சிரிப்பும் துள்ளலும் இருக்கும், வாத்தியங்களும் கூடவே குதிக்கும். அஜித்தோட பில்லா சிரிக்கவே மாட்டான். கறுப்புக் கண்ணாடி, கோட்டு, நடை, அவ்வளவுதான். அந்த நடைக்குப் பழைய இசையை ஒட்டிப் பாருங்க, தியேட்டர்ல சிரிப்பாணி வந்துடும். யுவன் என்ன பண்ணார்? துள்ளலை எடுத்துட்டார். தன் பேரைச் சொல்ற அந்த ஒரு இழுப்பை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டு, பேஸையும் தாளத்தையும் முன்னால கொண்டாந்தார். அதே துணிதான், ஆள் அளவுக்குப் பிரிச்சுத் தைச்சிருக்கார்.

"வெத்தலையைப் போட்டேண்டி" தோத்துது. அந்தப் பாட்டோட உயிரே மலேசியா வாசுதேவன் குரல்ல இருக்கிற அந்தக் குறும்புதான். வாயில வெத்தலையை அடக்கிக்கிட்டுப் பாடற மாதிரியே இருக்கும். ஷங்கர் மகாதேவன் பெரிய பாடகர், அதுல சந்தேகமே இல்லை. ஆனா குரல் ரொம்ப சுத்தம், அடி ரொம்ப பலம். வெத்தலை இருக்கு, பாக்கு இருக்கு, சுண்ணாம்பு இல்லை. வாய் சிவக்கலை.

ஒரே படம், ஒரே இசையமைப்பாளர், பழசும் ஒரே படத்துலேருந்து வந்ததுதான். ஒண்ணு ஜெயிச்சுது, ஒண்ணு தோத்துது. அப்ப "ரீமிக்ஸ் நல்லதா கெட்டதா"ங்கிற கேள்வியே அபத்தம். இந்தப் பாட்டுல இந்த மாத்தம் என்ன வேலை செய்யுதுன்னு மட்டும்தான் கேக்கணும். அதைக் கேக்கறதுக்குப் பாட்டை ரெண்டு தடவை முழுசா கேக்கணும். அங்கதான் நம்மாளுங்களுக்கு வலிக்குது :-)

அடுத்து போலீஸோட பெரிய ஆயுதம். "மெல்லிசை மன்னருக்குப் பண்ற அவமரியாதை." அண்ணாச்சி, 1981 'தில்லு முல்லு' படத்தை 2013ல மறுபடி எடுத்தாங்களே, அதுக்கு இசை யாருன்னு ஞாபகம் இருக்கா? யுவனும் எம்.எஸ்.வி.யும் சேர்ந்து. எண்பது தாண்டின வயசுல, தன்னோட பழைய படத்தோட ரீமேக்குக்கு, சின்னப் பையன்கூட சேர்ந்து பேரு போட்டுக்கிட்டார் மனுஷன். அதனால எல்லா ரீமிக்ஸும் சரின்னு ஆகிடாது. ஆனா அவருக்காக நீங்க கோவப்படறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

"மூலத்தைத் தொடக்கூடாது"ங்கிறது அடுத்த சட்டம். எந்த மூலம்? 2004ல 'நியூ' படத்துல ஏ.ஆர்.ரஹ்மான் "தொட்டால் பூ மலரும்" பாட்டோட வாலி வரிகளை எடுத்து, 1964 'படகோட்டி' மெட்டை விட்டுட்டு வேற மெட்டு போட்டார். அங்க மூலம் வரியா, மெட்டா? சரி, சினிமாவை விடுங்க. கோபாலகிருஷ்ண பாரதியாரோட நந்தனார் சரித்திரம் நம்ம சிதம்பரத்தைச் சுத்தி நடக்கிற கதை. கதாகாலட்சேபமா இருந்தது. 1935ல கே.பி.சுந்தராம்பாள் நந்தனாரா நடிச்சாங்க, 1942ல தண்டபாணி தேசிகர் நடிச்சார். தேசிகர் பிற்பாடு இங்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இசை சொல்லிக் கொடுத்தவர். ஒவ்வொரு தடவையும் குரல் மாறுச்சு, பக்கவாத்தியம் மாறுச்சு. நந்தனார் செத்தா போயிட்டார்? சீர்காழி அருணாசலக் கவியோட "யாரோ இவர் யாரோ"வை இன்னிக்கு பைரவியில கேட்டு உருகுறோமே, அது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைச்ச வழி. பாட்டு போலீஸ் அந்தக் காலத்துல இருந்திருந்தா அரியக்குடி மேலயும் ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கும்.

அவ்வளவு தூரம்கூட போக வேணாம். எங்க கீரப்பாளையம் பக்கத்துக் கல்யாணம் எதுக்காவது போய் உக்காருங்க. நலங்கு நேரத்துல நாயனக்காரர் ஒரு சினிமா பாட்டு எடுப்பார். வரி கிடையாது, எஸ்.பி.பி. கிடையாது, வயலின் கூட்டம் கிடையாது. டிரம்ஸ் இருந்த இடத்துல தவில். ஒரு ஆள் எழுந்து "கெடுத்துட்டான்யா"ன்னு சொல்லிப் பாத்திருக்கீங்களா? பந்தியில இருக்கிற பெருசுங்ககூட தலையாட்டும். ஏன்னா அவர் பாட்டைத் தன் வாத்தியத்துக்குள்ள இழுத்து, மூச்சு முட்ட உழைச்சு வெளிய விடறார். அந்த உழைப்பு காதுக்குத் தெரியுது.

இப்ப பீட் பார்ட்டி பக்கம் வருவோம். 2003 'குறும்பு'ல "ஆசை நூறு வகை", 2004 'மன்மதன்'ல "என் ஆசை மைதிலியே", 2007 'அழகிய தமிழ் மகன்'ல "பொன்மகள் வந்தாள்", அதே வருஷம் 'பொல்லாதவன்'ல "எங்கேயும் எப்போதும்", 2008 'சிலம்பாட்டம்'ல "வச்சுக்கவா". வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு வந்துகிட்டே இருந்துச்சு. இதுல நல்லதும் உண்டு, மொக்கையும் உண்டு. மொக்கைக்கு ஃபார்முலா சுலபம். பழைய பல்லவி, அடியில டம் டம், நடுவுல நாலு வரி ராப், முடிஞ்சுது சோலி. அதைத் திட்டினீங்களா, நானும் உங்க கட்சி. பழசுங்கிறதுக்காகத் திட்டாதீங்க, சோம்பேறித்தனத்துக்காகத் திட்டுங்க. அது இசையமைப்பாளருக்கும் உறைக்கும்.

சரி, அந்தக் காலம் போச்சு. இப்ப வேற ஃபேஷன். மாத்தறதே கிடையாது, பழைய பாட்டை அப்படியே ஒட்டிடறது. 2022 'விக்ரம்'ல "சக்கு சக்கு வத்திக்குச்சி", 2023 'லியோ'ல "கரு கரு கருப்பாயி", 2025 'குட் பேட் அக்லி'ல "ஒத்த ரூபாயும் தாரேன்". தியேட்டர்ல விசில் கிழியுது. ரீமிக்ஸைக் கரிச்சுக் கொட்டின அதே போலீஸ் எழுந்து நின்னு ஆடுது. "பாத்தியா, ஒரிஜினல் ஒரிஜினல்தான்!"

எனக்குக் கடுப்பாகறது இங்கதான். யுவன் பழைய பாட்டைப் பிரிச்சுப் பாத்தாவது வேலை செஞ்சார். இங்க சண்டைக்காட்சிக்குப் பின்னால பட்டாசு மாதிரி ஒரு பாட்டைக் கொளுத்திப் போடறாங்க. அந்தப் பாட்டு எதுக்காகப் பொறந்துச்சு, யார் பாடினா, எந்தச் சோகம், எந்தக் காதல், ஒண்ணும் வேண்டாம். "ஹேய், நம்ம பாட்டுடா"ங்கிற ஒரு ஞாபகம் மட்டும் வந்தா போதும். மாத்தாம இருக்கிறதே மரியாதைன்னு நெனச்சா, ஊறுகாய் பாட்டில்கூட மரியாதைதான்.

ஒட்டறது எல்லாமே தப்பான்னா, அதுவும் இல்லை. 2024 'லப்பர் பந்து'ல "நீ பொட்டு வெச்ச" வரும்போது அந்தப் பாட்டு கெத்துங்கிற அந்த விஜயகாந்த் ரசிகனோட ரத்தத்துல இருக்கு. அதே வருஷம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'ல "கண்மணி அன்போடு" அந்தக் குணா குகைக்கே சொந்தமான பாட்டு. அங்க பாட்டு கதையில வேலை செய்யுது. திரும்பவும் அதே அளவுகோல்தான் பாருங்க. மாத்தினாங்களா இல்லையாங்கிறது விஷயமில்லை, வேலை செய்யுதா இல்லையா?

இதுல உச்சகட்ட காமெடி ஒண்ணு இருக்கு. 2024ல 'கண்மணி அன்போடு' பாட்டுக்காகவும், 'கூலி' டீசர்ல வந்த 1983 'தங்க மகன்' பாட்டுக்காகவும் இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். 2025ல 'குட் பேட் அக்லி' விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. உடனே நம்ம மக்கள் என்ன சொன்னாங்க? "பாட்டு மக்கள் சொத்து", "அவருக்கு ஏன் இவ்வளவு பேராசை." அட! ரீமிக்ஸ் வந்தப்ப "படைச்சவனுக்கு மரியாதை குடுங்கடா"ன்னு கத்தினதும் நீங்கதானே சாமி? படைச்சவன் நேர்ல வந்து என்னைக் கேட்டுட்டு எடுன்னு சொன்னா மட்டும் கசக்குதா? சட்டப்படி யாருக்கு எவ்வளவு உரிமைங்கிறதை கோர்ட் பாத்துக்கட்டும். ஆனா செத்துப்போன மேதைக்கு மாலையும், உயிரோட இருக்கிறவருக்கு வசவும்னா, அதுக்குப் பேரு மரியாதை இல்லை.

கடைசியா ஒரு விஷயம், வீடியோ கேம்காரன்கிட்டேருந்து. சிரிக்காதீங்க, கேசட் சொருகி கான்ட்ரா ஆடின தலைமுறைதானே நாம. 1993ல வந்த 'சீக்ரெட் ஆஃப் மானா'ங்கிற ஜப்பான் கேமுக்கு ஹிரோகி கிகுடாங்கிறவர் இசை. ஒரே நேரத்துல 8 ஒலிக்கு மேல போட முடியாத மெஷின்ல பண்ணது. 2018ல கேமைப் புதுசா செஞ்சப்ப இசையையும் மாத்தினாங்க. அங்கயும் "கெடுத்துட்டான்யா"தான், ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் போலீஸ் உண்டு. ஆனா கேம் பண்ணவங்க உள்ளயே ஒரு வழி வெச்சிருந்தாங்க. பழைய இசை வேணுமா, புது இசை வேணுமா, நீயே மாத்திக்கோ. அதுக்கு முன்னாடி 2009ல 'மங்கி ஐலேண்ட்' கேமைப் புதுப்பிச்சப்ப இன்னும் அழகு. கீபோர்டுல எஃப்10 தட்டினா 1990 படமும் இசையும், மறுபடி தட்டினா புதுசு. பழசுக்குப் பக்கத்துலயே தைரியமா நின்னாங்க.

நம்ம சினிமாவுல அந்தத் தைரியம் இருக்கா? பழைய பாட்டை எடுத்துப் புதுசா விடறப்ப, பழைய இசையமைப்பாளர், பாடினவங்க, எழுதினவங்க பேரைப் படிக்கிற அளவுக்காவது பெருசா போடுங்க. முடிஞ்சா அந்த கிட்டார் வாசிச்சவர், பாங்கோ தட்டினவர் பேரையும் தேடிப் போடுங்க. பழைய பாட்டையும் அதே ஆல்பத்துல சேர்த்து விடுங்க. ரெண்டையும் கேட்டுட்டு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்.

ரசிகப் பெருமக்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். அடுத்த தடவை ஒரு பழைய பாட்டு புது வேஷத்துல வந்தா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பழசு ஒரு தடவை, புதுசு ஒரு தடவை, முழுசா கேளுங்க. எட்டு ஒன்பது நிமிஷ வேலை. அதுக்கப்புறமும் "கெடுத்துட்டான்"னு தோணிச்சா, எந்த இடத்துல கெடுத்தான்னு சொல்லுங்க. தாளத்துலயா, குரல்லயா, வேகத்துலயா? அதைச் சொல்லத் தெரிஞ்சவன் ரசிகன். சொல்லத் தெரியாதவன் கையில இருக்கிறது வெறும் லத்தி.

டிஸ்கி: ரஜினி பில்லாவா அஜித் பில்லாவான்னு கும்மியடிக்க வர்றவங்க தயவுசெஞ்சு வேற கடை பாருங்க. இங்க வெத்தலை மட்டும்தான் கிடைக்கும், சுண்ணாம்போட :-)