இல்லமும் நலமும்: வெந்நீர் இயந்திரமும் மண்ணில் இறங்கும் கம்பியும்

சென்னைக்கு வெந்நீர் எதற்கு என்று வெளியூர் உறவினர் கேலி பேசுவதுண்டு. மார்கழிப் பனியில் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து ஒளூச் செய்யும் முதியவரையும், பிள்ளை பெற்று நாற்பது நாள் இருக்கும் தாயையும் வீட்டில் வைத்திருப்போர் அவ்வாறு கேட்கமாட்டார்கள். முன்பு விறகடுப்பில் செப்புத் தவலையில் காய்ந்த நீர், பின்னர் குளியலறைக்கு ஒரு ஜீசர் என்றாகி, இப்போது ஹீட் பம்ப் என்னும் இயந்திரத்தின் வாயிலாக வரத் தொடங்கியிருக்கிறது. "அத்தாவுக்கு மின்கட்டணம் குறையட்டும்" என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் அனுப்ப, அடையாற்றிலும் தியாகராய நகரிலும் சில மாடிகளில் அது ஏறிவிட்டது.

இயந்திரத்தின் கொள்ளளவு, விலை, உத்தரவாத ஆண்டுகள் ஆகியவற்றையெல்லாம் கடையில் துருவித் துருவி விசாரிக்கிறோம். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வீடுகளில் நேரும் மின்விபத்துகளுக்கு வேர் பெரும்பாலும் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்து கிடக்கிறது. இம்மாதம் அதனைக் குறித்தே எழுத விரும்புகிறேன்.

ஹீட் பம்ப் பெயரளவில்தான் புதியது. கிணற்றின் ஆழத்திலிருந்து நீரை மேலே இறைப்பது தண்ணீர்ப் பம்பு. வெப்பம் குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு வெப்பத்தை இறைப்பது இது. நம் வீட்டு ஃபிரிட்ஜ், உள்ளே வைத்த பாலின் வெப்பத்தை எடுத்துச் சமையலறையில் கொட்டுகிறது. ஏ.சி. அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. வெந்நீர் ஹீட் பம்ப், வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தொட்டி நீரில் சேர்க்கிறது. மூன்றும் ஒரே குடும்பம். பின்னர் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், இம்முறையால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதற்குப் பத்தாண்டு முன்னர்தான், 1842-இல், நம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ்ஹவுஸ் எழுந்தது. அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை டியூடர் என்ற வணிகரின் நிறுவனம் கப்பலில் கொணர்ந்து அங்கே காத்துவைத்தது. குளிர்ச்சியைக் கடல் கடந்து சுமந்துவந்த ஊரில், இன்று வீட்டுக்கு வீடு ஒரு கம்ப்ரஸர் வெப்பத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது.

மிச்சம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடித் தொட்டி நீர் 28 பாகையில் இருக்கிறது என்று கொள்வோம். அதில் 100 லிட்டரை 50 பாகைக்கு ஏற்றச் சாதாரண ஜீசருக்கு இரண்டரை யூனிட்டுக்குச் சற்று அதிகம் தேவை. ஹீட் பம்ப், தான் செலவிடும் மின்சாரத்தைப்போல் மூன்று மடங்குக்குமேல் வெப்பம் தருவதால், அதே வேலையை ஏறத்தாழ முக்கால் யூனிட்டில் முடித்துவிடும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆயினும் கணவனும் மனைவியும் மட்டும் வாழும் வீட்டில், ஆண்டில் இரண்டு மூன்று மாதம் மட்டுமே வெந்நீர் எடுப்போருக்கு, போட்ட பணம் திரும்ப நெடுங்காலமாகும். எட்டுப் பேர் குளிக்கும் கூட்டுக்குடும்பத்திற்கே இது பொருந்தும் என்பது என் கருத்து.

இனி மின்சாரத்திற்கு வருவோம். 2000 வாட் ஜீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஹீட் பம்ப் தனித்து ஓடுகையில் அதில் பாதியளவே இழுப்பதுண்டு. இதைக் கேள்வியுற்றுப் பலர், பழைய ஜீசரின் பிளக்கிலேயே மாட்டிவிடலாம் என்று துணிகின்றனர். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இத்தகைய தொட்டிகள் பலவற்றுள், அவசரத்திற்கென ஒரு சூடேற்றும் சுருளும் ஒளிந்திருக்கும். கம்ப்ரஸர் 1000 வாட், சுருள் 2000 வாட் எனில், இரண்டும் சேர்ந்து இயங்குகையில் 13 ஆம்பியர் ஆகிவிடும், அதுவும் மணிக்கணக்கில். ஆகவே இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்து, அதில் குறிக்கப்பெற்ற உச்ச ஆம்பியரைக் கொண்டே கம்பியைத் தீர்மானிக்க வேண்டும். விநியோகப் பலகையிலிருந்து அதற்கென்றே தனி இணைப்பு வரவேண்டும். வழியில் ஒரு விளக்குக்கோ விசிறிக்கோ கிளை பிரியலாகாது. இந்த அளவு சுமைக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடுவது நல்ல வழக்கம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கம்பிக்கும் பெயரில்லாத கம்பிக்கும் உள்ள விலை வேறுபாடு, இயந்திரத்தின் விலைக்கு முன் ஒரு தூசு.

மயிலாப்பூரின் பழைய வீடுகளிலும், தியாகராய நகரின் முதல் தலைமுறை அடுக்ககங்களிலும் அலுமினியக் கம்பி இன்னும் சுவருக்குள் இருக்கக்கூடும். புதிய செம்புக் கம்பியை அதனோடு நேரே முறுக்கி டேப் சுற்றுவது இன்றும் நடக்கிறது. இரு உலோகமும் சேருமிடத்தில் அரிப்புத் தோன்றி, இணைப்புத் தளர்ந்து, சூடேறி, ஒரு நாள் கருகும். சூடேறுகையில் எம்.சி.பி. விழாது, ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை, இணைப்புத்தான் கெட்டிருக்கிறது. எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதனை எடுத்துவிட்டுப் பெரிய அளவு போடும் பணியாளரும் இருக்கிறார். எம்.சி.பி.யின் அளவு கம்பியின் கனத்தைப் பார்த்து வைக்கப்படுவது. 16 ஆம்பியர் தாங்கும் கம்பிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தால், எம்.சி.பி. விழுமுன் கம்பி எரிந்துவிடும்.

எல்லாவற்றினும் பெரியது எர்த்துக் கம்பி. இயந்திரத்தின் உலோக உடலில் தவறி மின்சாரம் பாய்ந்தால், அதனை நம் உடல்வழி செல்லவிடாமல் மண்ணுக்கு இறக்கிவிடுவது அதன் பணி. அடுக்ககங்களில் கட்டியவர் கீழே ஒரு குழி வெட்டி, குழாயோ தகடோ புதைத்து, உப்பும் கரியும் இட்டு மூடியிருப்பார். பின்னர் அதன்மேல் கார் நிறுத்தத் தரை போட்டிருப்பார்கள். முப்பது ஆண்டுகளில் அந்தத் தகடு அரித்துப் போயிற்றா, பட்டை அறுந்ததா என்று எவரும் பார்த்ததில்லை. பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற கடலோர மணற்பாங்கில் இன்னொரு இடர்: மழையில் நன்றாக இயங்கும் எர்த்து, சித்திரை வைகாசியில் மணல் காய்ந்ததும் வலுவிழந்துவிடும். குழியில் நீரூற்றும் வாய் விட்டு, கோடையில் குடம் குடமாக ஊற்றிவந்த பழைய வழக்கம் வீணானதன்று.

இதனினும் கொடியது போலி எர்த்து. எர்த்து இல்லாத வீட்டில், பிளக்கின் எர்த்துத் துளையை நியூட்ரலோடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகின்றனர். சோதனை விளக்கு எரிகிறது. வீட்டுக்காரர் மனநிறைவு கொள்கிறார். வழியில் எங்கேனும் நியூட்ரல் அறுந்தால், இயந்திரத்தின் சுருள் வழியாகவே 230 வோல்ட் அதன் உலோக உடலுக்கு வந்து நிற்கும். பலகையில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் அவ்வாறே. குளியலறையில் ஈரக் கால்களோடு குழாயைத் தொடுபவர் நிலையை எண்ணிப் பாருங்கள். நனைந்த உடலின் மின்தடை 1000 ஓம் அளவிற்கு இறங்கிவிடும். அதில் 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த அதில் ஒரு பகுதியே போதும்.

நல்ல எர்த்து இருந்தாலும் அது தனித்துக் காக்காது. குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், பழுது நேரும்போது மண்ணுக்குச் செல்வது 46 ஆம்பியர். கம்ப்ரஸர்களுக்குப் பொதுவாகப் பொருத்தப்படும் 'சி' வகை 20 ஆம்பியர் எம்.சி.பி. கண்ணிமைப்பதற்குள் விழ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 46-க்கு அது தாமதித்தே விழும். அந்தத் தாமதம் ஓர் உயிரின் விலையாகலாம். ஆகவேதான் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது இடையறாது ஒப்பிடும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டிக்கும். எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆர்.சி.சி.பி. மனிதரைக் காக்கும். வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்ற அளவை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் வகுத்துள்ளன. அதன் முகத்தில் 'டி' என்ற எழுத்திட்ட சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், படாரென்று விழவேண்டும். மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறதென்று அதனைத் தாண்டிக் கம்பியைப் பூட்டச் சொல்வோர் உண்டு. அது விழுவதே எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதற்குச் சாட்சி.

இரவில் உறங்கும்முன் விளக்கை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று அதற்குக் காரணம் கூறியதையும் நாம் படித்திருக்கிறோம். திரிவிளக்கு போய்விட்டது, எலி போகவில்லை. மாடியிலும் பால்கனியிலும் வைத்த வெளி இயந்திரத்திற்குள் புகுந்து கம்பியுறையைக் கொறிப்பது இந்நகரில் அன்றாட நிகழ்ச்சி. வெளிப்புறக் கம்பியைக் கெட்டியான குழாய்க்குள் செலுத்தி, நுழைவாயை அடைத்துவிட வேண்டும். இயந்திரத்தின் அருகிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்று மழை படாத பெட்டியில் இருக்கட்டும். பழுது பார்க்க வருபவரின் உயிர் அந்தச் சுவிட்சில் இருக்கிறது. கீழ்வீட்டில் யாரோ தவறி மெயினைப் போட்டுவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அவரை ஏணியில் ஏற்றக்கூடாது.

வைக்கும் இடத்தைப் பற்றியும் சில சொற்கள். 200 லிட்டர் தொட்டி நிறைந்தால் நீரின் எடை மட்டுமே 200 கிலோ. மரத்துலாங்களின்மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் மாடிகள் மயிலாப்பூரில் இன்றும் உள்ளன. அவற்றின் நடுவே இந்தப் பாரத்தை இறக்கலாகாது; கனமான சுவரின் தலைப்பில்தான் தாங்கல் அமைய வேண்டும். கடற்காற்று இரும்புச் சட்டத்தையும் போல்ட்டையும் அரிப்பதால் ஆண்டுக்கொருமுறை பார்த்தல் நலம். 2016 டிசம்பரில் வர்தா புயல் எவற்றையெல்லாம் பெயர்த்தெறிந்தது என்பதை நகரம் மறக்கவில்லை. காற்றோட்டமில்லாத மூலையில் வைத்தால், தான் உமிழ்ந்த குளிர்காற்றையே மீண்டும் உறிஞ்சி இயந்திரம் திணறும், மின்கட்டணமும் குறையாது.

வாயுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போதைய இயந்திரங்களில் வரும் ஆர்-32 மெல்லத் தீப்பற்றும் தன்மையது. ஆர்-290 என்பது புரொப்பேன், சமையல் வாயுவின் இனம். வாயு இருக்கும் குழாயை வெளியேற்றாமல் பற்றவைக்க நெருப்பு எடுக்கக்கூடாது. கசிவுச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே நிரப்பப்பட வேண்டும். பற்றவைக்கும் வேலைக்குக் கொண்டுவந்த ஆக்ஸிஜன் உருளை கையருகே இருக்கிறதே என்று அதனைச் செலுத்தினால், கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். உருளையில் எழுதியிருப்பதை வீட்டிலுள்ளோர் ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

நீர்ப்பக்கத்தில், அழுத்தம் மிகுந்தால் திறந்துகொள்ளும் வால்வு சொட்டுகிறதென்று அதன் வாயை அடைப்பவர் உளர், அடைக்கவே கூடாது. சென்னைப் போர்வெல் நீரின் உப்பு அதனை இறுக்கிவிடுவதால் அவ்வப்போது நெம்புகோலை உயர்த்திப் பாருங்கள். தொட்டியில் 60 பாகை வைத்தால் கிருமி தங்காது. ஆனால் குழந்தையின் தோலை அது சில நொடிகளில் வெந்துவிடச் செய்யும். குழாயில் கலந்தே வரவேண்டும்.

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்தபோது, தரைத்தள மீட்டர்ப் பலகைகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் அதனை நினைவூட்டிற்று. வெள்ளம் வடிந்ததும் இயந்திரத்தைப் போட்டுப் பார்க்கும் ஆவல் எழும். கம்பிகளின் காப்புத் தடையை மெகர் கருவியால் அளந்தபின் அன்றி மெயினைத் தொடாதீர்கள்.

இப்பணிகளில் எதனையும் நாமே செய்யவேண்டுவதில்லை, செய்யவும் கூடாது. கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற மின்கம்பியாளரை அழையுங்கள். இயந்திர நிறுவனத்தார் அனுப்பும் ஆள் இயந்திரத்தைப் பொருத்துவார். சுவர்க் கம்பியும் எர்த்தும் தம் பொறுப்பில் இல்லை என்று நகர்ந்துவிடுவார். ஆகவே இயந்திரம் வருமுன்பே மின்கம்பியாளரை வரவழைத்து, "எர்த்தின் தடை எத்தனை ஓம்? நியூட்ரலோடு எங்கேனும் சேர்ந்திருக்கிறதா? ஆர்.சி.சி.பி. இந்த இணைப்பைக் காக்கிறதா?" என்று கேட்டு, அளவுகளைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எர்த்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லாமல் வெறும் டெஸ்டரை நீட்டிவிட்டு "எல்லாம் சரி பாய்" என்பவரை ஏற்கவேண்டாம். சுமை கூடுவதால் மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்பதையும் அவரே கணக்கிட்டுச் சொல்வார். வாடகை வீடாயின், சுவர்க் கம்பியும் எர்த்தும் வீட்டுரிமையாளர் பொறுப்பு; முன்பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுவது எளிது, பின்னர் கேட்பது கடினம்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், மொட்டைமாடியில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலனைப் பற்றிப் பார்ப்போம்.