பனி உருகுகிறது; பழி யாருக்கு?

2025ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி பனிமலைகளைப் பற்றிய இரு செய்திகள் உலகுக்கு எட்டின. சுவிற்சலாந்தில் பிர்ச் என்னும் பனிக்கட்டியாறு பாறைகளோடு சரிந்து வீழ்ந்து, பிளாட்டன் கிராமத்தின் பத்தில் ஒன்பது பங்கைப் புதைத்தது. அதே நாளில் ஜேர்மனியின் ஹம் நகர மேல்நீதிமன்று, பெரு நாட்டுக் கமக்காரர் ஒருவர் பத்து ஆண்டுகளாக நடத்திவந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிளாட்டன் மக்கள் ஏறக்குறைய முந்நூறு பேர் சில நாட்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர், ஒருவரே மாண்டார். மலையை இரவு பகலாக அவதானிக்கும் கருவிகளும், அழிந்த ஊரை மீளக் கட்டும் செல்வமும் சுவிஸ் நாட்டிடம் உண்டு. பெரு நாட்டுக் கமக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆதலாலேயே அவர் நீதிமன்றின் படியேறினார். அவருடைய வழக்கையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

சாவுல் லூசியானோ லியூயா என்னும் அவர் அந்தீசு மலையில் சிறு கமம் செய்பவர். மலையேறுவோருக்கு வழிகாட்டியும் ஆவார். அவருடைய வீடு ஹுவாராஸ் நகரில் உள்ளது. நகருக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 4,500 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், பனிச்சிகரங்களின் அடியில் பல்காகோச்சா என்னும் ஏரி நிற்கின்றது. 1941 டிசம்பர் 13ஆம் திகதி அவ்வேரியின் கரை உடைந்து குறைந்தது 1,800 உயிர்களைப் பலிகொண்டது. உடைப்பின் பின் எஞ்சிய நீர் ஏறக்குறைய 5 இலட்சம் கனமீற்றர். 2009 இல் அளந்தபோது அது 1 கோடியே 70 இலட்சம் கனமீற்றராகப் பெருகியிருந்தது. பனிக்கட்டி பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளத்தை அதன் உருகுநீரே நிரப்பிற்று.

பனிக்கட்டியாறு அசையாது கிடக்கும் பொருளன்று. உச்சியில் வீழும் பனி ஆண்டுக்காண்டு அமுங்கிக் கட்டியாகி, தன் பாரத்தாலேயே கீழ்நோக்கி மெல்ல நகர்கின்றது. வெப்பமான இடத்தை அடைந்ததும் உருகுகின்றது. மேலே வரவு, கீழே செலவு. இரண்டும் ஒத்திருக்கும் வரை அதன் நுனி இருந்த இடத்திலேயே இருக்கும். வெப்பம் சிறிது கூடினாலோ செலவு மிகுகின்றது. பனியாக வீழவேண்டியது மழையாக வீழ்வதால் வரவும் குறைகின்றது. போதாக்குறைக்கு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பனி நீங்கியதும் அடியிலுள்ள கருங்கட்டி வெயிலை உள்வாங்கி இன்னும் விரைவாக உருகுகின்றது. அந்தீசின் இப்பகுதியில் ஐரோப்பாவிற் போன்ற குளிர்காலம் இல்லை. பனிக்கட்டியாற்றின் நுனி ஆண்டு முழுவதும் உருகுகின்றது. பெரு நாட்டின் பனிப்பரப்பில் பாதிக்கு மேல் அறுபது ஆண்டுகளுள் அழிந்துபோயிற்று. பல்காகோச்சாவின் மேலுள்ள பனிக்கட்டி பின்வாங்கியதற்கு மனிதனால் விளைந்த வெப்பமே காரணம் என்றும், 1941 இலேயே அதன் தாக்கம் தொடங்கிவிட்டது என்றும் 2021 இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவியது.

எளிதில் உணரப்படாத ஒன்றையும் இங்கு கூறவேண்டும். பனிக்கட்டியாறு இன்றைய வெப்பத்துக்கு இன்றே முழு மறுமொழியும் சொல்லிவிடுவதில்லை. சிறியவை சில பத்தாண்டுகளும், பெரியவை நூறாண்டும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. பாட்டன் காலத்துப் புகைக்கு இன்று பதில் கிடைக்கின்றது. இன்றைய புகைக்குப் பேரன் காலத்தில் கிடைக்கும். வெப்பம் இன்றைய நிலையிலேயே நின்றுவிட்டாலும் உலகின் பனிக்கட்டியாறுகள் தம் நிறையில் ஏறக்குறைய 39 வீதத்தை இழந்தே தீரும் என்கிறது 2025 மே மாதம் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு. கடன் பத்திரத்தில் கையொப்பம் ஏற்கெனவே இடப்பட்டுவிட்டது. இட்டவர் யார்?

லியூயா ஒரு பெயரைச் சுட்டினார். ஆர்.டபிள்யூ.ஈ. என்னும் ஜேர்மன் மின்சாரக் கம்பெனி நூறாண்டுக்கு மேலாக நிலக்கரி எரித்து வருவது. கைத்தொழில் யுகம் தொடங்கியது முதல் உலகம் வெளியிட்ட வெப்பவாயுக்களில் 0.47 வீதம் அதனுடையது எனக் கணக்கிட்டு, ஏரியின் ஆபத்தைத் தடுக்கும் செலவில் அந்த 0.47 வீதத்தை மட்டும் அவர் கேட்டார். தொகை சுமார் 17,000 யூரோ. அத்தகைய கம்பெனிக்கு அது எம்மாத்திரம்? ஆயினும் அது கொடுக்கவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் உலகெங்குமிருந்து கை நீளும் என்பதை அது அறியாததன்று. 2016 இல் எசன் நீதிமன்று வழக்கைத் தள்ளியது. 2017 இல் ஹம் மேல்நீதிமன்று அதனை விசாரணைக்கு ஏற்றது. 2022 இல் நீதிபதிகள் ஹுவாராசுக்கே சென்று பார்த்தனர்.

முப்பது ஆண்டுகளுக்குள் வெள்ளம் வழக்காளியின் வீட்டை எட்டும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு வீதமே என்ற நிபுணர் கூற்றை ஏற்றே வழக்குத் தள்ளப்பட்டது. உறைந்திருந்த மலைச்சரிவுகள் இளகிப் பாறை வீழும் ஆபத்தை அக்கணக்குக் குறைத்து மதித்தது என்ற வாதம் எடுபடவில்லை. கரை ஒருமுறை உடைந்த ஏரியின் கீழ் வாழ்வோருக்கு ஒரு வீதம் சிற்றெண் அன்று என்பதே நம் எண்ணம். ஆனால் அதே தீர்ப்பில், பெருமளவு வாயு வெளியிடுவோர் அதனால் விளையும் கேட்டுக்குத் தம் பங்களவில் பொறுப்பாளி ஆகலாம் என்பதை நீதிமன்று கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. தூரமும், அரசு தந்த அனுமதியும் அதற்குத் தடையல்ல என்றது. வழக்காளி தோற்றார், அவர் எழுப்பிய கோரிக்கை தோற்கவில்லை.

வெள்ளம் ஒரு புறம், வறட்சி மறுபுறம். பனி விரைந்து உருகும்போது ஆற்றில் முதலில் நீர் பெருகும். கமக்காரன் அதை நல்ல காலம் என்றெண்ணிப் பயிரைப் பெருக்குவான். உருகுவதற்கு மிச்சம் குறைந்ததும் கோடையில் ஆறு இளைக்கும். இம்மலைகளிலிருந்து இறங்கும் சாந்தா ஆற்றின் கிளைகளிற் பெரும்பாலானவை அந்த உச்சத்தைக் கடந்துவிட்டன என 2012 இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. பெரு நாட்டுப் பாலைவனக் கரையில் ஏற்றுமதிப் பயிர் வளர்ப்பதும் அவ்வாற்று நீரே.

இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் அமைப்பதென்று 2022 இல் எகிப்து மாநாட்டில் நாடுகள் உடன்பட்டன. செல்வ நாடுகள் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிடின் கேட்பாரில்லை. இது தருமம். ஹம் நீதிமன்று பேசியது நட்டஈடு. தருமம் கேட்பவன் தலைகுனிகின்றான்; நட்டஈடு கேட்பவன் நிமிர்ந்து நின்று கணக்குக் காட்டுகின்றான். கடமை தவறிய நாடு ஈடுசெய்யவும் நேரலாம் என 2025 ஜூலை 23ஆம் திகதி சர்வதேச நீதிமன்றும் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது.

நமது நாட்டில் பனிமலை இல்லை. ஆயின் 2000 முதல் 2023 வரை பனிக்கட்டியாறுகள் உருகியதால் மட்டும் கடல் ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் உயர்ந்தது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லினுள் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரே கிணறுகளில் ஊறுவது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராவதைக் கமக்காரர் அறிவர். உயரும் கடலும் அதே திசையிலேயே தள்ளுகின்றது. ஆகவே அரசாங்கம் கரையோரக் கிணறுகளின் உவரையும் வயல்களின் இழப்பையும் பிரதேசந்தோறும், ஆண்டுதோறும் அளந்து, பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏற்றிவைத்தல் வேண்டும். பெரு நாட்டுக் கமக்காரர் ஜேர்மன் நீதிமன்றில் கணக்குக் காட்ட முடிந்தது, 1941 இன் பின் அந்த ஏரியை அளந்து குறித்து வைத்தோர் இருந்தமையாலேயே.