பெட்டிக்குள் இருப்பது நம்முடையதா?

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அது கெட்டுப்போகவில்லை. அதற்குள் இருப்பதும் அழியவில்லை. ஆனால் அதை இனி எங்களால் பார்க்க முடியாது. என்னடா விடுகதை போடுகிறான் என்று நினைக்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

2019 மாசி மகம். எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டார சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும் நாள். ஒரு தமிழ்ச் சேனல்காரர்கள் வந்திருந்தார்கள். கூட்டத்தில் நின்ற எங்கள் தாத்தாவிடம் மைக்கை நீட்டினார்கள். அவரும் கூச்சப்படாமல், சாமி வரும் நாளில் நாங்கள் யாரும் கடலுக்குப் போகமாட்டோம், கடல்தான் எங்களிடம் வரும் என்று ஒரு நிமிடம் பேசினார். எங்கள் டிடிஎச் பெட்டியில் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் செருகி நிகழ்ச்சிகளைப் பதியும் வசதி உண்டு. அப்பா அதைப் பதிந்து வைத்தார். 2021-ல் தாத்தா தவறிவிட்டார். போட்டோ நிறைய இருக்கிறது. குரல் என்று இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கூரை ஒழுகி, தண்ணீர் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. கம்பெனி ஆள் வந்து வேறு பெட்டி வைத்துவிட்டுப் போனார். நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஆசையோடு செருகினோம். "இந்த டிஸ்க்கை பார்மட் செய்யவா?" என்று திரையில் ஒரு கேள்வி. அம்மா ஓகே அழுத்தப் போய், அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "பழைய பெட்டியில் பதிந்தது பழைய பெட்டியில்தான் ஓடும் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

ஏன் இப்படி? கட்டணச் சேனல்கள் செயற்கைக்கோளில் இருந்து பூட்டப்பட்டுத்தான் வருகின்றன. பெட்டி அந்தப் பூட்டைத் திறந்து நமக்குக் காட்டுகிறது. பதியும்போது தன்னிடம் மட்டும் உள்ள ஒரு சாவியால் மறுபடியும் பூட்டி வைத்துவிடுகிறது. அதனால்தான் அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினாலும் ஒன்றும் ஓடாது. பெட்டி செத்தால் சாவியும் செத்தது.

நான் பி.காம் மாணவன். கணக்குப்பதிவியலில் சொத்து என்றால் நம் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒன்று என்று படிக்கிறோம். ஹார்ட் டிஸ்க் காசு கொடுத்து வாங்கியது, அது சொத்து. ஆனால் அதற்குள் இருக்கும் பதிவு? இன்னொருவர் சாவி இல்லாமல் திறக்காது என்றால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? ரெக்கார்டிங் வசதி என்று சொல்லி விற்பது உண்மையில் பதிவு அல்ல. கொஞ்ச நாளைக்கு வாடகை. விளம்பரத்தில் அதை யாரும் வாடகை என்று சொல்வதில்லை. எனக்கு இருக்கும் கோபம் இதுதான்.

"திருட்டு வீடியோ பரவாமல் இருக்கத்தானே பூட்டு" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இது பழைய சண்டை. வீட்டில் டிவி நிகழ்ச்சியை வீடியோ டேப்பில் பதியலாமா என்று அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் சோனி மீது வழக்குப் போட்டது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது தவறில்லை என்று 1984-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவும் சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. ஆனால் அங்கேயும் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். தாத்தாவின் குரலைக் கேட்க நினைப்பதில் என்ன நோக்கம் இருக்கிறது?

சேனலே வைத்திருக்குமே என்றும் சிலர் சொல்லலாம். பிபிசியே வைத்திருக்கவில்லை. 1960-களில் எடுத்த 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளை டேப்பை மறுபடி பயன்படுத்துவதற்காக அழித்துவிட்டார்கள். அந்தப் பகுதிகளின் ஒலியாவது இன்று மிச்சம் இருப்பதற்குக் காரணம், ரசிகர்கள் வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்ததுதான்.

எனக்குப் பெரிய ஆசை எல்லாம் இல்லை. ஒரே கோரிக்கைதான். பெட்டி மாறினால், அதே சந்தாதாரர் எண்ணுக்கு உரிய பழைய சாவியும் புதுப் பெட்டிக்கு மாற வேண்டும். சந்தா யாருடையது என்று கம்பெனிக்குத் தெரியும். இதனால் ஒரு காப்பி கூட வெளியே போகாது. நிறுவனம் மாறினாலும் அதே பெட்டியைப் பயன்படுத்தும் வசதி வேண்டும் என்று டிராய் 2020-ல் பரிந்துரைத்தது. பெட்டிக்குக் கேட்டதைப் பதிவுக்கும் கேட்பதில் என்ன தவறு?

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாமல் வரும் சேனல்களை யூஎஸ்பியில் பதிந்தால், அந்தக் கோப்பு பெரும்பாலும் கம்ப்யூட்டரில் விஎல்சி போட்டாலே ஓடும். கட்டணப் பெட்டி என்றால், பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி அவுட் இருக்கிறதா பாருங்கள். ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாக லேப்டாப்பில் பிடிக்கலாம். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 900 எம்பி. அதற்கும் வழியில்லையா, மொபைலை டிவி முன்னால் பிடித்தாவது எடுங்கள். படம் சுமாராக இருக்கும், பரவாயில்லை. எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். எங்களைப் போல உப்புக்காற்றில் இருப்பவர்கள் ஒரு காப்பியை ஊருக்குள் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. இப்போது எங்கள் வீட்டுப் பதிவுகளின் இரண்டாவது காப்பி வில்லியனூரில் அக்கா வீட்டில் இருக்கிறது.

அதில் தாத்தா இல்லை. ஐந்து வருடம் அந்தப் பெட்டி நன்றாக ஓடியது. மொபைலும் கையில்தான் இருந்தது. ஒரு நிமிடம் வேலை. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிட்டோம்.

உங்கள் வீட்டுப் பெட்டி இன்று ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்போதே எடுத்துவிடுங்கள்.