பனி நாட்டுக் கோடையில் ஒரு சம்பளம்

பையன் இரண்டு மாதம் பின்லாந்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தான் என்றால், நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, "சர்டிபிகேட் கொடுத்தார்களா?" என்பதுதான். "சம்பளம் கொடுத்தார்களா?" என்று கேட்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு, தொழில் சொல்லிக் கொடுப்பதே பெரிதல்லவா என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என்னுடைய அபிப்பிராயம் இதற்கு நேர் விரோதமானது. முதலில் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

ஏன் என்று பார்க்க, அந்த நாட்டுக் கோடையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் ஹெல்சிங்கி நகரில் ஏறக்குறைய 19 மணி நேரம் பகல். இன்னும் வடக்கே, ரொவானியெமி என்ற ஊரில் ஒரு மாத காலம் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. குளிர்காலம் முழுவதும் இருட்டிலும் பனியிலும் அடைந்து கிடந்த ஜனங்கள் இவ்வளவு வெளிச்சத்தை ஆபீஸில் உட்கார்ந்து வீணாக்கச் சம்மதிப்பார்களா? ஜூன் 20-க்கும் 26-க்கும் நடுவில் வரும் சனிக்கிழமை அவர்களுக்கு நடுக்கோடைப் பண்டிகை. அதற்கு முதல் நாளே பட்டணம் காலியாகிவிடும். எல்லோரும் ஏரிக்கரை மரவீடுகளில் இருப்பார்கள். ஜூலையில் எந்த ஆபீஸுக்குக் கடிதம் போட்டாலும், "அவர் லீவில் இருக்கிறார்" என்றுதான் பதில் வரும். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது; சட்டமே அப்படி இருக்கிறது. மே 2-ஆம் தேதி முதல் செப்டம்பர் 30 வரை விடுமுறைப் பருவம் என்று வகுத்து, ஆண்டு முழுவதும் உழைத்தவருக்கு அதற்குள் நாலு வாரம் சம்பளத்துடன் லீவு கொடுத்தாக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்விட்டால் காகித ஆலையை யார் ஓட்டுவது? ஆஸ்பத்திரியில் யார் நிற்பது? இங்கேதான் மாணவன் வந்து சேருகிறான். "கோடை வேலை" என்பதற்கு அவர்கள் பாஷையில் தனிச் சொல்லே உண்டு. லீவில் போனவரின் நாற்காலியில் கல்லூரிப் பையனோ பெண்ணோ உட்காருகிறார்கள். நாற்காலி நிஜம், அதன் முன்னால் இருக்கும் வேலையும் நிஜம். செய்யாமல் விட்டால் மறுநாள் காலை யாராவது வந்து கேட்பார்கள். இப்படி விட்ட இடத்தை நிரப்புகிற வழக்கத்தோடு, ஆராய்ச்சிக் கூடங்களும் யந்திரத் தொழிற்சாலைகளும் கோடைக்கென்று தனியாகவும் மாணவர்களை எடுத்துக்கொள்கின்றன.

குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று பின்லாந்தில் பொதுச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு தொழிலிலும் முதலாளிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் உட்கார்ந்து பேசிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் கூலியை நிர்ணயிக்கிறது. கோடைக்கு வருகிற மாணவனும் அந்த ஒப்பந்தத்தின் கீழ்தான் வருகிறான். கையெழுத்துப் போட்ட வேலைப் பத்திரம், நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பது மணி, லீவுக்கு ஈடான பணம் எல்லாம் அவனுக்கும் உண்டு. பல ஒப்பந்தங்களில் காபி குடிக்கிற நேரத்தைக்கூட எழுதியிருக்கிறார்கள். (நம்மவர்கள் இதை மட்டும் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்!) மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். "சார்" என்று எழுந்து நின்றால் அவருக்குச் சங்கடமாகப் போய்விடும்.

சம்பளம் கொடுக்கிறவன் சும்மா கொடுக்கமாட்டான். கொடுத்த காசுக்கு வேலை வரவேண்டுமே என்ற கவலையில் ஒரு வாரம் மெனக்கெட்டாவது சொல்லிக் கொடுப்பான். இலவசமாக வந்தவனைப் பற்றி யாருக்கு என்ன கவலை? மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பழைய பைல் ஒன்றைக் கையில் கொடுத்து, "பார்த்துக்கொண்டிரு தம்பி" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மூன்றாவது வாரம் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த ஒரு தாள் கிடைக்கும். நம் பக்கத்தில் எத்தனையோ "பயிற்சி"கள் இந்த ஸ்டூலோடு முடிந்துபோகின்றன. போதாக்குறைக்கு, அந்த ஸ்டூலில் உட்காருவதற்குப் பிள்ளையிடமே கட்டணம் வாங்குகிறவர்களும் புறப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு ஸ்டூல் என்றால் கட்டணம் லட்சத்தில். நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புகிற தகப்பனார் என்ன வாங்குகிறார் என்பதை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பின்லாந்தின் தொழில்முறைக் கல்லூரிகளில் இஞ்சினீயர் பட்டத்துக்கு 240 மதிப்பலகுகள். அவற்றில் 30, அதாவது ஏறத்தாழ இருபது வாரம், வேலைத்தலத்தில் சம்பாதிக்க வேண்டியவை. பையன்கள் அதைப் பெரும்பாலும் கோடைகளில்தான் முடிக்கிறார்கள். படிப்புக்கு இந்த வேலை ஓர் அங்கம். ஆனாலும் கூலி கூலிதான்.

இந்த வழக்கத்துக்கு அந்தப் பக்கத்தில் பழைய உதாரணமும் உண்டு. செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1732-ஆம் வருஷம் மே மாதம் உப்சாலாவிலிருந்து லாப்லாந்துக்குப் புறப்பட்டபோது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. செலவுக்குப் பணம் கொடுத்தது உப்சாலா விஞ்ஞான சங்கம். அக்டோபரில் திரும்பினார். லாப்லாந்துத் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் 1737-இல் வந்தது. சொந்தக் காசில்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தால், அந்த ஏழைப் பாதிரியார் மகன் உப்சாலாவைத் தாண்டியிருப்பாரா என்பது சந்தேகமே.

அங்கே எல்லாமே ஒழுங்கு என்று எண்ணிவிட வேண்டாம். பின்லாந்தில் நர்ஸ் படிப்புப் படிக்கும் பெண்கள் ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. அதைப் பற்றி அவர்கள் குறைப்பட்டுக்கொள்வதும் ஓயவில்லை. குறைப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு விசேஷமாகப் படுகிறது. நம் பிள்ளைகள் அதைக் குறை என்றே அறிவதில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 1948-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து ஐரோப்பிய நாட்டார் கூடி, தொழில் படிக்கும் மாணவர்களைக் கோடையில் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் அனுப்பிக்கொள்வது என்று ஒரு சங்கம் கண்டார்கள். 'ஐயாஸ்டே' என்று பெயர். பின்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க் எல்லாம் முதல் நாளிலிருந்தே அதில் இருந்தன. இன்று இந்தியாவும் இருக்கிறது. ஏற்பாடு சுலபமானது: போக்குவரத்துச் செலவு மாணவனுடையது, சாப்பிட்டு, வாடகை கொடுத்து வாழப் போதுமான பணத்தை வேலை தருகிறவர் கொடுக்க வேண்டும். இன்னொரு நிபந்தனை முக்கியமானது. நீ எத்தனை இடம் கொடுக்கிறாயோ, அத்தனை இடம் உனக்கு. நம் தொழிற்சாலை ஒன்று அயல்நாட்டு மாணவனுக்கு ஓர் இடம் கொடுத்தால்தான் நம்மில் ஒருவனுக்கு அங்கே ஓர் இடம் திறக்கும்.

ஆகவே, பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போக வழியில்லை என்று மூக்கால் அழுகிறவர்கள், நம் தொழிலதிபர்களைப் போய்க் கேட்கட்டும். அப்ரெண்டிஸுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று நம் தேசத்தில் 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. கல்லூரிப் பாடத்தோடு ஒட்டிய இரண்டு மாதப் பயிற்சிதான் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் சந்துக்குள் நழுவிவிடுகிறது. கல்லூரிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் கோடை ஏப்ரல், மே. அவர்களுடையது ஜூன் முதல் ஆகஸ்டு வரை. நாம் வகுப்பைத் திறந்து வருகைப் பதிவேட்டை விரிக்கிற சமயத்தில்தான் அவர்கள் ஆலைக் கதவைத் திறக்கிறார்கள். வேலை கிடைத்த மாணவனுக்கு அந்த எட்டு வாரத்துக்கு வருகை கொடுத்தால் குடி முழுகிவிடாது. மாணவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று: பின்லாந்தில் கோடை வேலைக்கு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பெரும்பாலும் ஆள் எடுத்துவிடுகிறார்கள். பரீட்சை முடிந்து மே மாதம் மனு எழுத உட்கார்ந்தால் அந்த வருஷம் போயிற்று.

கோயமுத்தூரில் பம்ப் செய்கிற ஏதாவது ஒரு கம்பெனி, வருகிற ஜூனில் பின்லாந்து மாணவன் ஒருவனுக்குச் சம்பளத்தோடு ஓர் இடம் போட்டுக் கொடுத்துத் தொடங்கி வைக்கலாம். வெயிலை எண்ணி அவன் பயப்பட வேண்டியதில்லை. ஜூனிலும் ஜூலையிலும் அங்கே காற்றுக் காலம்.