போட்டது ஒரே ஊசி. சீட்டு மட்டும் செல்லாதா?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெருவைக் காண்பது அரிது. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ, துபாயிலோ, சிங்கப்பூரிலோ இருப்பார்.

விசா வந்தாச்சு. டிக்கெட் போட்டாச்சு. அப்புறம் என்ன? பெட்டியைக் கட்ட வேண்டியதுதானே! அங்கேதான் ஒரு சீட்டு குறுக்கே வந்து நிற்கிறது. தடுப்பூசிச் சீட்டு!

உடம்பில் ஏறிய மருந்தை விமான நிலைய அதிகாரி பார்க்க முடியாது. சீட்டைத்தான் பார்ப்பார். அதிலும் முதலில் பார்ப்பது எந்த நாடு கொடுத்த சீட்டு என்பதை!

அண்ணனும் தம்பியும்

கொரோனா காலத்துக் கூத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 பிப்ரவரியில் இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கு சவுதி அரசு கதவை மூடியது. லீவில் வந்தவர்கள் ஊரிலேயே மாட்டிக் கொண்டார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் கதவு கொஞ்சம் திறந்தது. யாருக்கு? சவுதியிலேயே இரண்டு ஊசியும் போட்டுக் கொண்டு, கையில் "இக்காமா"வும் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்!

அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ரியாத்தில் ஒரே கம்பெனியில் வேலை என்று வைத்துக் கொள்ளுங்கள். அண்ணன் அங்கேயே இரண்டு ஊசியும் போட்டுக் கொண்டு ஊருக்கு வந்தார். முன்னாடியே வந்துவிட்ட தம்பி பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் போட்டுக் கொண்டார். இருவருக்கும் ஏறியது ஆஸ்ட்ரா ஜெனகா மருந்துதான். நம்ம நாட்டில் அதற்கு "கோவிஷீல்டு" என்று பெயர். அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் நேராக விமானம் ஏறினார். தம்பி? மாலத்தீவு, நேபாளம் என்று ஏதாவது மூன்றாவது நாட்டுக்குப் போய், அங்கே 14 நாள் காத்துக் கிடந்துவிட்டுத்தான் சவுதிக்குப் போக முடியும். ஓட்டல் வாடகை, சாப்பாடு, பரிசோதனை எல்லாச் செலவும் தம்பி தலையில்! மாதச் சம்பளக்காரர் இந்தப் பணத்துக்கு எங்கே போவார்? பொண்டாட்டி கழுத்து நகைதான் அடகுக் கடைக்குப் போகும். டிசம்பர் 1-ந் தேதிதான் இந்தியாவில் இருந்து நேரடியாக வரலாம் என்று சவுதி அனுமதித்தது. அதற்கும் 5 நாள் தனிமைவாசம் உண்டு.

கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். அந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் ஒப்புக் கொண்டதே 2021 நவம்பர் 3-ந் தேதிதான். அதுவரை சவுதியில் அது செல்லாக்காசு. கேரளத்தில் ஒரு தொழிலாளி ஹைகோர்ட்டுக்கே போய்விட்டார். "இரண்டு கோவாக்சின் போட்டாச்சு. மூன்றாவதாக கோவிஷீல்டு போட உத்தரவிடுங்கள். இல்லாவிட்டால் சவுதி வேலை போய்விடும்" என்பது அவர் வழக்கு. முகாமில் எந்த மருந்து இருந்ததோ அதைத்தானே ஜனங்கள் போட்டுக் கொண்டார்கள்? பெயர் கேட்டு வாங்க அது என்ன புடவைக் கடையா?

வெள்ளைக்காரர் வாதம்

படித்த நாடு, பணக்கார நாடு என்று சொல்லும் பிரிட்டன் செய்தது இன்னும் வேடிக்கை. 2021 மார்ச்சில் புனே சீரம் நிறுவனத்தில் இருந்து 50 லட்சம் ஊசி மருந்தை வாங்கித் தன் மக்களுக்குப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், அதே புனே மருந்தை இந்தியாவில் போட்டுக் கொண்டவர்களை "ஊசி போடாதவர்கள்" கணக்கில் சேர்த்தது! "மருந்து சரிதான், சான்றிதழ்தான் சரியில்லை" என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். நம் சான்றிதழில் வயது மட்டும் இருந்தது, பிறந்த தேதி இல்லை.

நம் அரசும் விடவில்லை. அக்டோபர் 4 முதல் பிரிட்டன்காரர்கள் இங்கே வந்தால் 10 நாள் தனிமை என்று பதிலடி கொடுத்தது. சான்றிதழில் முழுப் பிறந்த தேதி போடவும் வசதி செய்தது. அக்டோபர் 11 முதல் நம் சீட்டு அங்கே செல்லுபடியானது. ஆக, இரண்டு அரசுகள் மனது வைத்தால் சில வாரத்தில் முடிகிற காரியம்தான் இது.

வெளிநாட்டுச் சீட்டை நாம் மட்டும் உடனே ஒப்புக் கொண்டோமா என்றால், அதுவும் இல்லை. 2022 பிப்ரவரியில், "ஊசிச் சான்றிதழ் இருந்தால் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டாம்" என்று நம் அரசு அறிவித்தது. ஆனால் எந்தெந்த நாட்டுச் சான்றிதழ் செல்லும் என்று ஒரு பட்டியலும் போட்டது. துபாய் உள்ள அமீரகம் அதில் முதலில் இல்லை, பிறகுதான் சேர்ந்தது. அதுவரை துபாயில் ஊசி போட்டவர் சொந்த ஊருக்கு வர பரிசோதனைக்குக் காசு கட்டினார். பெரம்பலூரில் போட்டுக் கொண்டு போனவர், அதே விமானத்தில், பரிசோதனை இல்லாமல் வந்தார்!

இந்தச் சீட்டுத் தொல்லை புதிதும் அல்ல. நாகப்பட்டினத்தில் "ராஜூலா" கப்பல் ஏறி பினாங்கு போன தாத்தாக்களைக் கேட்டால் அம்மை குத்திய சீட்டின் கதையைச் சொல்வார்கள். பெரியம்மை ஒழிந்தது என்று 1980-ல் உலகமே அறிவித்த பிறகு அந்தச் சீட்டுக்கும் வேலை இல்லாமல் போனது.

இனிஷியல் தகராறு

கொரோனா சீட்டை இப்போது பெரும்பாலான நாடுகளில் யாரும் கேட்பதில்லை. "அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்கலாம். மற்ற ஊசிகளுக்கு இன்றும் சீட்டு வேண்டும். கஷ்டம் அப்படியேதான் இருக்கிறது.

ஆப்பிரிக்கா பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி. (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.) சீட்டு இல்லாமல் அந்த நாடுகளில் இருந்து திரும்பி வந்தால் 6 நாள் வரை இங்கேயே பிடித்து வைத்து விடுவார்கள். 2016 ஜூலைக்குப் பிறகு ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் போட்ட 10-ம் நாளில் இருந்துதான் செல்லும். "நாளைக்கு பிளைட், இன்னைக்கு ஊசி போடுங்க" என்று கிண்டி கிங் நிலையத்தில் போய் நின்றால் நடக்காது. ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி. அதையும் 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்குக் குடும்பத்தை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 12 வயது வரை உள்ள பிள்ளைகள் அங்கே நீண்ட நாள் தங்க அனுமதி கேட்டால், தொண்டை அடைப்பானுக்கும் தட்டம்மைக்கும் ஊசி போட்ட சான்று காட்ட வேண்டும். 2019 பிப்ரவரி முதல் இதுதான் சட்டம்.

நம்ம பிள்ளைகளுக்கு ஊசி போடாமலா இருக்கிறோம்? கிராம நர்சம்மா வீடு தேடி வந்து போடுகிறார். அட்டையிலும் எழுதிக் கொடுக்கிறார். அந்த அட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்து, மழையில் நனைந்து, மை கரைந்து போகிறது. மிஞ்சிய அட்டையிலும் பிள்ளைக்குப் பெயர் இருக்காது. பெயர் வைக்கும் முன்பே போட்ட ஊசி ஆயிற்றே! "செல்வி குழந்தை" என்று எழுதியிருக்கும்.

பெரியவர்களுக்கு இனிஷியல் தகராறு. ஆதாரில் "மு. செல்வம்". பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து "செல்வம் முருகேசன்". கொரோனா சான்றிதழ் பலருக்கும் ஆதார் பெயரில்தான் வந்தது. திருத்தலாம் என்றார்கள், ஆனால் ஒரே ஒரு தடவைதான். கம்ப்யூட்டர் சென்டர் பையன் அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டால் தொலைந்தது! "முருகேசன் யார்?" என்று வெளிநாட்டு அதிகாரி கேட்டால், "எங்க அப்பா" என்று சொல்லி என்ன பயன்?

ஒரு மேஜை போதும்

கோடிக்கணக்கில் செலவு பண்ணச் சொல்லவில்லை. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு இடத்திலும் வாரம் ஒரு நாள், ஒரு டாக்டர், ஒரு கிளார்க், ஒரு மேஜை. பழைய ஊசி அட்டையைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் நம்பரும் போட்டு, ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழ். கீழே கையெழுத்து, முத்திரை. பிரிட்டன் கேட்டதும் பிறந்த தேதி போட்டுக் கொடுத்த அரசாங்கத்துக்கு இது முடியாத காரியமா?

"அவரவர் காகிதத்தை அவரவர்தான் சரிபார்க்கணும்" என்று அதிகாரிகள் சொல்லக் கூடும். சரிதான். ஆனால் ஊசி போட்டதும் அரசு, எழுதிக் கொடுத்ததும் அரசு. எழுத்துப் பிழைக்கு மட்டும் செந்துறை விவசாயி மகன் எப்படிப் பொறுப்பாவான்?

இரண்டு கலெக்டர் அலுவலகத்திலும் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். லீவில் வந்திருப்பவர்கள் திரும்பிப் போவதற்குள் நாலு பேர் சேர்ந்து ஒரு மனுவைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மனுவோடு நனைந்து போன ஊசி அட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது.